வாயில் நுழையாத பட்டங்கள்

1990 அக்டோபர். ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாகிவிட்டன என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கேரளா லாரிகளுக்குத் தக்காளிப் பெட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் ஏற்றி முடித்துவிட்டு எங்கப்பாவும் அவர் செட்டு ஆட்களும் விடியக்காலம் அங்கேதான் வந்து குத்தவைப்பார்கள். பெஞ்சு இருக்கும். உட்கார மாட்டார்கள். ஏன் உட்கார மாட்டார்கள் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது பன்னிரண்டாவது. பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை.

'ஜெர்மனியின் சான்சலர் ஹெல்மட் கோல்' என்று படித்தேன். அப்பா நிறுத்தினார்.

"சான்சலர்னா யாருடா? ராசாவா, மந்திரியா, கலெக்டரா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியலைன்னு சொல்ல வெட்கம். படிக்கிற பையன் இல்லையா. "பெரிய ஆளு"ன்னு சொன்னேன்.

"பெரிய ஆளுன்னு தெரியுது. இல்லாட்டி பேப்பர்ல எதுக்குப் போடறான்? அவன யாரு வச்சா, யாரு எறக்குவா? அதச் சொல்லு."

சொல்ல முடியவில்லை. அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

முப்பத்தைந்து வருசம் ஓடிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்குத் தமிழ் எழுதுகிற கூட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை. 2025 மே மாதம் பதவிக்கு வந்த மெர்ஸைப் பற்றி எழுதும்போது ஒருத்தர் 'சான்சலர்' என்கிறார், இன்னொருத்தர் 'அதிபர்' என்கிறார், மூன்றாமவர் 'பிரதமர்' என்கிறார். அதே ஜெர்மனியில் தனியாக ஒரு குடியரசுத் தலைவரும் இருக்கிறார். ஸ்டைன்மையர், 2017 முதல். மெர்ஸ்தான் அதிபர் என்றால் ஸ்டைன்மையர் யார்? இந்தக் கேள்வியை எந்த உதவி ஆசிரியரிடமாவது கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்.

நான் இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கொஞ்ச நாளுக்கு முன் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சில பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள், உலக அரசியலைப் பற்றி ஒரு சிறுவெளியீடு கொண்டுவர முயன்றார்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். வேறு இரண்டு பெரியவர்களும் வந்திருந்தார்கள். பெயர் வேண்டாம், இருவரும் என்மேல் பிரியமுள்ளவர்கள். ஒருவர் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். "பதவிப் பெயர் சிறப்புப் பெயர் தம்பி. மொழிபெயர்க்கக் கூடாது. சான்சலர் சான்சலர்தான். மொழிபெயர்த்தால் பொருள் பிறழும்" என்றார். இன்னொருவர் தனித்தமிழ்ப் பற்றாளர். "பல்கலைக்கழகச் சான்சலருக்கு வேந்தர் என்று நாம்தான் சொல் கண்டோமே! செருமானிய வேந்தர் என்று போடு, கம்பீரமாக இருக்கிறது" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. கோபம் வந்தால் எனக்குச் சொல் வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேந்தரைப் பார்ப்போம். 'சான்சலர்' என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'கான்செல்லி' என்றால் கிராதி, கம்பித் தடுப்பு. ரோமாபுரியில் நீதிமன்றத்தில் சனத்துக்கும் நீதிபதிக்கும் நடுவே ஒரு கிராதி இருக்கும். அதுகிட்ட நின்று ஆட்களை ஒழுங்குபடுத்தியவன், பிறகு அங்கேயே எழுத்து வேலை பார்த்தவன், அவன்தான் 'கான்செல்லாரியஸ்'. அதாவது டவாலி, குமாஸ்தா. காலப்போக்கில் ராசாவின் முத்திரையும் கடுதாசியும் அவன் கைக்கு வந்தன, ஆள் பெருத்தான், பதவி பெருத்தது. இருக்கட்டும். அந்தக் கிராதியோரத்து ஆளைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது நம் புலவர்கள் என்ன பண்ணினார்கள்? தலையில் முடியைச் சூட்டி வேந்தர் ஆக்கிவிட்டார்கள். சேர சோழ பாண்டியர் மூன்று பேருக்கு மட்டும் உரிய சொல் என்று இலக்கணம் நடத்துகிற அதே வாயால் கவர்னருக்கும், தனியார் பல்கலைக்கழகம் வைத்திருக்கிற முதலாளிக்கும் வேந்தர். அவருக்குக் கீழே துணைவேந்தர், நடுவே ஓர் இணைவேந்தர். ராசாக்கள் ஒழிந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ராசா. இது மொழிபெயர்ப்பா, முடிசூட்டு விழாவா?

இது சின்ன விசயமில்லை. ஒரு சொல்லை இன்னொரு மொழியிலிருந்து எடுத்து வரும்போது அதை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில் நம் மனசுக்குள் இருக்கிற படிநிலை வெளியே வந்துவிடுகிறது. வேலைக்காரன் சொல்லாக இருந்ததை ஆண்டை சொல்லாக மாற்றினால்தான் இவர்களுக்கு 'மதிப்பாக' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மினிஸ்டர்' என்கிற சொல்லுக்கும் மூலம் வேலைக்காரன், பணிவிடை செய்பவன் என்பதுதான். அந்த அர்த்தத்தை யாராவது தமிழில் கொண்டுவர நினைத்தார்களா? நினைக்க மாட்டார்கள். மாண்புமிகு பணியாள் என்று எழுதினால் எந்த மந்திரி பொறுப்பார்?

அடுத்தது 'அதிபர்'. அதிபதிதான் அதிபராயிற்று. அதிபதி என்றால் உடையவன், ஆள்பவன். எங்கள் ஊரில் இந்தச் சொல்லை எங்கெல்லாம் கேட்கலாம் தெரியுமா? லாரி அதிபர், மில் அதிபர், தோட்ட அதிபர். கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பாருங்கள். சொத்து உள்ளவன் அதிபர். அப்படியிருக்க 'அமெரிக்க அதிபர்' என்று படிக்கிற எங்காளுக்கு என்ன புரியும்? அமெரிக்காவை அவன் வாங்கிப் போட்டிருக்கிறான் என்றுதான் புரியும். (சில சமயம் அந்தப் புரிதல் சரியாகத்தான் இருக்கிறது என்பது வேறு விசயம்.) நாலு வருசத்துக்கு ஒருதரம் ஓட்டுக் கேட்டு வருகிறவன், ரெண்டு தடவைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாதவன் என்பது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

சரி, இங்கே ஒரு வேடிக்கை. நம் நாட்டுத் தலைவருக்குக் 'குடியரசுத் தலைவர்' என்கிறோம். தினத்தந்தி மாதிரிப் பேப்பர்களில் 'ஜனாதிபதி'. பக்கத்து நாட்டுத் தலைவருக்கு 'அதிபர்'. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான், பிரசிடெண்ட். ஏன் நமக்கு ஒரு சொல், அடுத்தவனுக்கு ஒரு சொல்? கேட்டால், அவருக்கு நிர்வாக அதிகாரம் உண்டு, நம்மவருக்கு இல்லை, வித்தியாசம் காட்டுகிறோம் என்று விளக்கம் வரும். அப்படியானால் நம்மவரைப் போலவே கையெழுத்து மட்டும் போடுகிற இஸ்ரேல் தலைவரையும் இத்தாலித் தலைவரையும் ஏன் 'அதிபர்' என்று எழுதுகிறீர்கள்? விளக்கம் பின்னால் வந்தது, பழக்கம்தான் முன்னால் வந்தது.

இலங்கைக்குப் போனால் இந்த அதிபர் கதை இன்னும் நாறுகிறது. திண்டுக்கல் பக்கத்து முகாமில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார். பெற்றோர் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்கு இறங்கியது, 1990-இல் அங்கிருந்தும் ஓடி, படகேறி மண்டபம் வந்தது. ஒருநாள் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார். "இலங்கை அதிபர்னு போட்டிருக்கான் பாருங்க. எங்க ஊர்ல அதிபர்னா பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். இவர ஜனாதிபதின்னுதான் சொல்லுவம்." அந்த நாட்டிலேயே தமிழ் ஓர் ஆட்சிமொழி. அந்த நாட்டின் அரசாங்கமே தமிழில் 'ஜனாதிபதி' என்று எழுதுகிறது. அதை இங்கே இருக்கிறவர்கள் இன்னொரு தமிழுக்கு மொழிபெயர்க்கிறார்கள்! அவர்கள் தமிழ் தமிழில்லையா? தோட்டக்காட்டான் பேசுகிற தமிழ் நம் உதவி ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

அந்தப் பெரியவரே இன்னொன்றும் சொன்னார். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருசம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தோட்ட சனத்தில் பெரும்பகுதி நம் ஆட்கள், பள்ளர் பறையர் சக்கிலியர். ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்கள்தான் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். "எங்கள ரெண்டு பிரதம மந்திரி சேந்து சந்தையில ஆடு பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க" என்றார். அவர் ஒரு பட்டத்தையும் மதிப்பாக உச்சரிக்கவில்லை. ஆனால் எந்தப் பதவிக்கு என்ன செய்கிற அதிகாரம் இருந்தது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 2021-இல் அவர்கள் இருக்கிற 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பேர் மாறிச்சு, பிரஜா உரிமை வரல.

இப்போது பேராசிரியரிடம் வருகிறேன். மொழிபெயர்க்காதே என்கிறவர் அவர். அவர் சொல்வது நேர்மையான வாதம் மாதிரித் தெரியும், அதனால்தான் ஆபத்து. மொழிபெயர்க்காமல் விட்டால் பொருள் பிறழாது என்கிறார். பொருளே போய்ச் சேராதபோது பிறழ்வதற்கு என்ன இருக்கிறது? எங்கப்பாவுக்குச் 'சான்சலர்' என்ற சொல் பிறழாமல்தான் வந்து சேர்ந்தது. ஒரு கல் மாதிரி வந்து சேர்ந்தது.

இந்த 'அப்படியே விடு' என்பது எங்களுக்குப் பழகிய குரல். மந்திரத்தை அப்படியே விடு, மொழிபெயர்த்தால் சக்தி போய்விடும். கோர்ட்டுத் தீர்ப்பை இங்கிலீசிலேயே விடு, மொழிபெயர்த்தால் நுட்பம் போய்விடும். மருந்துச் சீட்டை அப்படியே விடு. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு நாங்கள் அப்படியே இருக்கணும். கிராதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேச்சு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குப் புரியக் கூடாது என்றால் நடுவே ஒரு காவல் ஆள் தேவைப்படுகிறான். அந்த வேலையைத்தான் பேராசிரியர் கேட்டு வாங்குகிறார்.

மொழிபெயர்க்காமல் விட்டால் நடுநிலை என்று நினைப்பதும் பொய். ஜெர்மன்காரன் ஹிட்லரை 'ஃப்யூரர்' என்று கூப்பிட்டான். 1934 ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் செத்ததும் ஹிட்லர் தலைவர் பதவியையும் சான்சலர் பதவியையும் ஒண்ணாக்கித் தானே வைத்துக்கொண்டான், இந்தப் பட்டத்தோடு. நாம் அதை மொழிபெயர்க்காமல் 'ஃப்யூரர்' என்றே எழுதுகிறோம். படிக்கிறபோது ஏதோ ராட்சசன் பெயர் மாதிரி, நமக்குச் சம்பந்தமில்லாத தூர தேசத்து வியாதி மாதிரி இருக்கிறது. மொழிபெயர்த்துப் பாருங்கள். அதற்கு அர்த்தம் 'தலைவர்'. அவ்வளவுதான். முசோலினியின் 'டூச்சே'யும் அதேதான், தலைவர். பஸ் ஸ்டாண்டு சுவரில் நாம் தினம் பார்க்கிற சொல். தமிழில் எழுதியிருந்தால் 'தலைவர் வாழ்க' என்று கத்துகிறபோது தொண்டையில் ஒரு முள் குத்தியிருக்கும்.

சீனாவை எடுங்கள். மாவோவைச் 'சேர்மன்' என்றோம். ஷி ஜின்பிங்கை 'அதிபர்' என்கிறோம். சீன மொழியில் ரெண்டு பேருக்கும் ஒரே சொல், 'சூஷி'. தலைமை இருக்கை என்று அர்த்தம். 1982 அரசியல் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் அரசுத் தலைவர் பதவியை ஆங்கிலத்தில் பிரசிடெண்ட் என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். உலக நாடுகளோடு சமமாக உட்காரணும் என்றால் சேர்மன் சரிப்படாது போல. ஆங்கிலம் மாறிற்று, நாமும் ஆங்கிலத்தின் பின்னாலேயே மாறினோம். சீனாவில் சொல் மாறவேயில்லை. எங்கள் ஊரிலோ சேர்மன் என்றால் நகராட்சி சேர்மன், இல்லாவிட்டால் யூனியன் சேர்மன். அந்தக் காலத்தில் மாவோ படம் போட்ட புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "இவரு எந்த ஊரு சேர்மன்?" என்று எங்கம்மா கேட்டாள். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் அம்மாவின் கேள்வியில் தப்பே இல்லை.

சேர்மன் என்றால் நாற்காலிக்காரன். பிரசிடெண்ட் என்றாலும் அதுதான். லத்தீனில் முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்று பொருள். சபைக்கு எதிரே ஆசனம் போட்டு உட்கார்கிறவன். இதை அகராதியில் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் ஆங்கிலப் பிரதியில் கிராம ஊராட்சித் தலைவருக்குப் 'பிரசிடெண்ட்' என்றுதான் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்கும் அதே சொல், டில்லியில் இருக்கிறவருக்கும் அதே சொல். 1996-இல் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் பிரசிடெண்ட் ஆனார். நாற்காலியில் உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்த தோழர்களையும் வெட்டினார்கள். அவர் தலையைத் தனியாக எடுத்துக் கிணற்றில் போட்டார்கள். இருபத்தைந்து நாள் கழித்து, ஜூலை 25 அன்று, கே.ஆர். நாராயணன் டில்லியில் பதவியேற்றார். முதல் தலித் குடியரசுத் தலைவர். பத்திரிகைகள் பூரித்து எழுதின. ஒரே மாதத்தில் ஒரு பிரசிடெண்டின் தலை கிணற்றில், இன்னொரு பிரசிடெண்டுக்கு இருபத்தொரு குண்டு மரியாதை. ரெண்டும் ஒரே சொல் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தால்? எழுத முடியாது. ஒருத்தர் 'மேதகு குடியரசுத் தலைவர்', இன்னொருத்தர் 'பஞ்சாயத்துத் தலைவர்'. சில இடங்களில் வெறும் 'தலித் பிரமுகர்'. மொழிபெயர்ப்பு அந்த ரெண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டது.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில். 'முன்னால் உட்கார்ந்திருப்பவர்' என்று பட்டம், உட்காருவதற்குத் தரை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பிரசிடெண்ட் உண்டு. என் சித்தி. 2006-இல் தலித் பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு ஊராட்சியில் ஜெயித்தாள். ஊர் பேர் வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். அஞ்சு வருசமும் அவளை ஒருத்தரும் 'தலைவரம்மா' என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லித்தான், அதுவும் 'ஏ' போட்டு. அவளோ வார்டு மெம்பராக இருந்த பண்ணாடியைச் 'சாமி' என்றுதான் கூப்பிடணும், கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போதும். ஆபீஸில் 'தலைவர்' என்று பலகை எழுதி வைத்திருந்தது, அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முத்திரை அவர் பையில் இருந்தது. முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவன்தான் சான்சலர் என்று ரோமாபுரிக் கதையில் சொன்னேனே.

ஆக, பதவிப் பெயரை எப்படிச் சொல்கிறோம் என்பது எங்களுக்கு அகராதிப் பிரச்சினை இல்லை. பட்டம் என்றால் என்ன என்று வாயால் அறிந்தவர்கள் நாங்கள். 'சாமி', 'பண்ணாடி', 'எசமான்' என்று தலைமுறை தலைமுறையாக எங்கள் நாக்கில் ஏற்றி வைத்த மூட்டைகள் அவை. அரசியல் சட்டத்தில் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது, அதற்கு அடுத்த 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. அம்பேத்கர் தலைமையில் வரைந்த சட்டத்தில் இந்த ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டும் எவ்வளவு ஒழிந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். 2012-இல் பிரணாப் முகர்ஜி, என்னை 'ஹிஸ் எக்ஸலன்ஸி' என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இங்கே இன்னும் மேதகுவும் மாண்புமிகுவும் இல்லாமல் ஒரு அழைப்பிதழ் அச்சாகாது.

தோழர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்துவிட்டு என்னை மடக்கினார். "எல்லாத்தையும் மொழிபெயர்க்கணும்னு சொல்றியே, 'தலித்'த என்ன பண்ணுவ? அது மராத்தி. ஒடுக்கப்பட்டவன், நசுக்கப்பட்டவன்னு தமிழ்ல சொல்லலாம்ல? அப்போ மட்டும் ஏன் அப்படியே விடணும்ங்கற?"

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசித்தேன்.

சனம் தனக்கு வைத்துக்கொள்கிற பெயர் வேறு, பதவி தனக்கு வைத்துக்கொள்கிற பெயர் வேறு. எங்களுக்கு அடுத்தவன் வைத்த பெயர்கள் எத்தனை! 'ஹரிஜன்' என்று ஒருத்தர் அன்பாக வைத்தார், நாங்கள் கேட்டோமா? அதனால்தான் நாங்களே எடுத்துக்கொண்ட பெயரில் யாரும் கைவைக்கக் கூடாது என்கிறோம். 1893-இல் ரெட்டைமலை சீனிவாசன் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். திட்டுகிற சொல்லையே எடுத்துத் தலைப்பாகக் கட்டிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 'பிரைம் மினிஸ்டர்' என்பதும் ஆரம்பத்தில் திட்டுகிற சொல்தான். 18-ஆம் நூற்றாண்டில் வால்போலை எதிரிகள் அப்படிச் சொல்லி ஏசினார்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவர் மறுத்தார். அந்தப் பதவிக்கு அரசாங்க முறைப்படி ஓர் இடம் 1905-இல்தான் கிடைத்தது. திட்டு வாங்கிய மந்திரிக்குப் பட்டமும் மாளிகையும் கிடைத்தது. சீனிவாசனுக்குக் கிடைத்தது என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் கை நடுங்குகிறது, மறைக்க விரும்பவில்லை. அயர்லாந்து. வெள்ளைக்காரனிடம் நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு, சொந்த மொழியைக்கூட இழக்கக் கொடுத்த நாடு. 1937-இல் அவர்கள் அரசியல் சட்டம் எழுதியபோது அரசாங்கத் தலைவருக்குப் பிரைம் மினிஸ்டர் என்று வைக்காமல் 'டீஷக்' என்று அய்ரிஷ் மொழிச் சொல்லை வைத்தார்கள். தலைவர் என்றுதான் அதற்கும் பொருள். இங்கிலீஷ் பேப்பர்கள்கூட அதை அப்படியே எழுதியாகணும். அதாவது எசமானனின் வாயில் தன் சொல்லைத் திணித்தார்கள். நம்ம மராட்டியத்து அப்பாவுக்குப் பிறந்த லியோ வரத்கர் 2017-இல் அந்தப் பதவிக்கு வந்தபோது அவரை எல்லோரும் 'அயர்லாந்து பிரதமர்' என்று எழுதினார்கள். அதில் ஒரு சின்னத் திருட்டு நடந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆகவே டீஷக்கை நான் விட்டுவிடுகிறேன். அப்படியே எழுதுவேன், பக்கத்திலேயே அர்த்தமும் எழுதுவேன். ஒடுக்கப்பட்டவன் பிடிவாதமாக வைத்த சொல்லுக்கு இந்தச் சலுகை. பெர்லினுக்கும் வாஷிங்டனுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இது பாரபட்சம் என்று பேராசிரியர் சொல்வார். ஆமாம், பாரபட்சம்தான். இட ஒதுக்கீட்டையும் அவர் அப்படித்தான் சொன்னார்.

'பதி' என்ற சொல்லோடு டில்லியில் நடந்த கூத்தையும் ஒரு வரி சொல்லணும். 2022 ஜூலை 25 அன்று திரௌபதி முர்மு பதவியேற்றார், நாட்டின் தலைமைக்கு வந்த முதல் ஆதிவாசிப் பெண். மூன்று நாளில் ஒரு எம்.பி. அவரை 'ராஷ்டிரபத்னி' என்றார். நாக்குப் பிசகிவிட்டது என்று பிறகு மன்னிப்புக் கேட்டார். சபையே இரண்டுபட்டது. ஆனால் 'ராஷ்டிரபதி' என்ற சொல்லிலேயே எசமான், புருசன் என்ற அர்த்தம் உட்கார்ந்திருக்கிறதே, அதை யாரும் கேட்கவில்லை. 'ஜனாதிபதி'யில் அதே பதி. அந்தவகையில் 'குடியரசுத் தலைவர்' எவ்வளவோ மேல் என்பேன். குடி இருக்கிறது, அரசு இருக்கிறது, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை. தனித்தமிழ்ப் பெரியவருக்கு இந்த இடத்தில் ஒரு கும்பிடு. அவர் ஆட்கள் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. அதே கை எப்படி 'வேந்தர்' என்று எழுதிற்று என்பதுதான் புரியவில்லை.

அப்புறம் என்னதான் எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் செய்வது இதுதான். நாட்டின் தலைவராக இருந்தால், நம்மவரானாலும் சரி அமெரிக்கரானாலும் சரி, குடியரசுத் தலைவர். இலங்கையென்றால் அவர்கள் தமிழில் உள்ளபடி ஜனாதிபதி. சட்டசபையின் நம்பிக்கையில் ஆட்சி நடத்துகிறவர், அவன் மொழியில் அதற்கு என்ன பட்டம் இருந்தாலும், பிரதமர். வாரிசாக வந்தவன் மன்னன், அதை ஒளிக்க வேண்டியதில்லை. துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்தவன் தனக்குத் தானே என்ன பட்டம் சூட்டிக்கொண்டாலும், ராணுவ ஆட்சியாளன். முதல் தடவை சொல்லும்போது அந்த ஊரில் என்ன கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அதோடு எங்கப்பாவின் கேள்விக்கு ஒரு வாக்கியம்.

பிள்ளைகளுக்காக ஜெர்மனி பற்றிய பக்கத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இப்படி:

'ஜெர்மனியின் பிரதமர். அங்கே சான்சலர் என்கிறார்கள். சனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, பாராளுமன்றம் ஓட்டுப் போட்டு வைக்கிறது. மெர்ஸ் 2025 மே 6 அன்று முதல் ஓட்டெடுப்பில் தோற்று, அன்றைக்கே இரண்டாவதில் ஜெயித்தவர். இறக்குவதும் பாராளுமன்றம்தான், ஆனால் ஒருத்தரை இறக்கணும் என்றால் அதே ஓட்டில் இன்னொருத்தரை ஏற்றியாக வேண்டும். 1982-இல் ஷ்மிட்டை அப்படித்தான் இறக்கி ஹெல்மட் கோலை வைத்தார்கள். கோல் 1998 தேர்தலில் தோற்றுப் போனார்.'

எழுதி முடித்ததும் சத்தமாக ஒருதரம் படித்தேன். மார்க்கெட் டீக்கடையில் படித்த மாதிரியே.

பேராசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். "ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமா?" என்றார்.

நீளந்தான்.